கறி போடாத கஞ்சி

எனக்குப் பொறாமை அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், இனிமேல் போய் மாறப்போவதில்லை. என் அண்ணன் செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போனதையும், அவனை நாங்கள் வெளியே கொண்டுவந்ததையும் கேட்கிறவர்கள், "எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க" என்கிறார்கள். கஷ்டப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலம் முழுக்க எனக்குக் கஷ்டத்தைவிட வயிற்றெரிச்சல்தான் கூடுதலாக இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் யாரோ ஒரு நல்ல பெண்ணைப் பற்றி எழுதியதாகிவிடும்.

பாலக்கரையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அம்மா, அக்கா, அண்ணன், நான். அத்தா நான் ஸ்கூல் படிக்கும்போதே மௌத்தாகிவிட்டார். அக்கா அழகு, அக்கா கெட்டிக்காரி, அக்கா பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு என் காது புளித்திருந்தது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி வந்தால் அம்மா கரண்டியை விட்டுத் துழாவி, கறித்துண்டாகப் பார்த்து அக்கா கிண்ணத்தில் போடுவாள். "அவதான் கஞ்சின்னா உசுர விடுவா" என்பாள். நான் என்ன, கஞ்சியைக் கண்டு ஓடினேனா? அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. தன் பங்கிலிருந்து எடுத்து அக்காவுக்குத்தான் போடுவான். எனக்குக் கிண்ணத்தின் அடியில் பூண்டு கிடக்கும்.

அந்த அக்கா, வேலை பார்த்த இடத்தில் பழகிய ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பையனை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அம்மா கூடத்தில் நின்று, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அவ வாசப்படிய மிதிச்சவன் என் சந்தூக்கத் தூக்கக்கூடாது. அல்லா மேல ஆணை." எங்களில் இறந்தவர் மையத்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போவதும் கபுர்க்குழிக்குள் இறக்குவதும் ஆண்கள்தான். பெற்றவளின் சந்தூக்குக்கு மகன் தோள் கொடுக்காமல் போனால் ஊர் காறித் துப்பும். ஆகவே அந்த ஆணை அண்ணனுக்குப் போட்ட பூட்டு. நான் அக்கா வீட்டுக்குப் போனால் என்ன, வந்தால் என்ன, யாருக்கும் ஒன்றுமில்லை.

அன்று நான் அழுதேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இனி வீட்டுக்கு நான் ஒருத்திதான் மகள் என்று நினைத்தேன். எங்கே! பெருநாளைக்குத் துணி எடுத்தால் அம்மா முகம் வாடும், மீன் வாங்கினால் வாடும். பேர் சொல்ல மாட்டாள், ஆனால் யாரை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? இருந்தபோதாவது அக்கா பாதி வீட்டைத்தான் அடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கல்யாணமாகி, வீட்டுக்காரர் குவைத்துக்குப் போய், நான் அம்மாவோடேயே இருந்து கவனித்துக்கொண்ட பிறகும் அது மாறவில்லை.

அண்ணன் பெரிய கடைவீதியில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் வேலை பார்த்தான். ஒரு நோன்பு மாதம், சரியாக நோன்பு திறக்கும் நேரத்தில், கடைவீதி வெறிச்சோடிக் கிடந்தபோது, யாரோ பின்கதவு வழியாக அந்தக் கடைக்குள் வந்து முதலாளியின் பின்மண்டையில் அடித்துப் போட்டுவிட்டுக் கல்லாவை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டு உடையவில்லை. பின்கதவுச் சாவி ஒன்று அண்ணனிடம் இருந்தது. போதாக்குறைக்கு அன்று மத்தியானம் சீக்கிரம் போக வேண்டும் என்று கேட்டு முதலாளியோடு வாக்குவாதம் வேறு. முதலாளி பிழைத்துக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் "ஆளு உடம்புவாகு அவன் மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

போலீஸ் வந்து கேட்டபோது அம்மா பக்கத்தில் நின்றாள். "பள்ளிவாசல்ல நோன்பு திறந்தேன்" என்றான் அண்ணன். கோர்ட்டில் அம்மாவும் அதையே சொன்னாள். அவள் நம்பியதைத்தான் சொன்னாள். பள்ளிவாசலில் வரிசையாக உட்கார்ந்து நோன்பு திறக்கும் பெரியவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர்கள் பொய் சொல்வார்களா? "அன்னைக்கு அவரப் பாக்கலைங்க" என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அண்ணன் தூக்குவாளியில் கஞ்சி வாங்கிக்கொண்டு பைக்கில் போய்விட்டதாகக் கஞ்சி காய்ச்சுகிறவர் சொன்னார். அந்தக் கஞ்சி எங்கே என்று எங்கள் வக்கீலே அண்ணனைக் கேட்டார். "வழியில கொட்டிப்போச்சு. மனசு சரியில்லாம சும்மா சுத்திக்கிட்டிருந்தேன்" என்றான். எல்லோரும் உண்மை பேசினார்கள், அண்ணன் ஒருவன்தான் பொய் பேசினான். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு ஏழு வருஷம் போட்டுவிட்டார்கள்.

எனக்கு மன்னார்புரத்தில் ஒரு ஸ்கூலில் ஆபீஸ் வேலை. ஜெயிலுக்கு மனு எழுதிப் போடுவது, வக்கீலைப் பார்ப்பது, தீர்ப்பு நகல் வாங்குவது எல்லாம் என் தலையில். வேலைக்கு லீவு சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மனு போட்டு அவனைப் பார்க்கப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள், பேசுவதற்கு ஒரே ஒரு போன். அம்மா அதைக் கையில் எடுத்தால் விடமாட்டாள். "மாத்திரை போட்டியா, கால் வீக்கம் இருக்கா, மதியம் தூங்குனியா" என்று அவன் அவளை விசாரிப்பான். கடைசியில் போன் என் கைக்கு வரும். "வக்கீல் என்ன சொல்றாரு?" என்பான். அவ்வளவுதான். நீ எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் முத்தா உதிர்ந்துவிடும்? பஸ்ஸில் திரும்பும்போது அம்மா அழுவாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவனை மனதுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டு வருவேன்.

தீர்ப்பு வந்த கையோடு அடுத்த நோன்பும் வந்தது. அம்மாவுக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு நானே தூக்கை எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்கப் போனேன். கஞ்சி காய்ச்சும் பாய் என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டார்.

"பொய் சொல்ல மனசு வரலம்மா. என்னைத் தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

"நீங்க உள்ளதத்தானே சொன்னீங்க பாய்."

"இன்னைக்குக்கூட பழக்கத்துல உங்க அண்ணனுக்குத் தனியா எடுத்து வச்சுட்டேன். கறி போடறதுக்கு முன்னாடி. கொண்டு போறீங்களா?"

"கறி போடாமலா? எதுக்கு?"

"யாருக்கோ கறி ஆகாதுன்னு சொல்வாரும்மா. நோன்பு மாசத்துல வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வாங்கிட்டுப் போவாரு. போன வருஷம் கடைசியா வாங்குனது மட்டும்தான் வேற கிழமை. நான்கூட வீட்டுல அம்மாவுக்குன்னு நினைச்சேன்."

எங்கள் வீட்டில் கறி ஆகாதவர்கள் யாரும் கிடையாது. கறி இல்லாத கஞ்சியை அம்மா ஆஸ்பத்திரிக் கஞ்சி என்பாள். கறியும் ஆகாது, ஆனால் பள்ளிவாசல் கஞ்சிதான் வேண்டும் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிற ஜீவன் இந்தத் திருச்சி ஜில்லாவிலேயே ஒன்றுதான். எனக்கு அங்கேயே மூக்கு வேர்த்துவிட்டது. போலீஸுக்கும் வக்கீலுக்கும் ஜட்ஜுக்கும் பிடிபடாதது எனக்குப் பிடிபட்டதற்குக் காரணம் புத்தி இல்லை. அக்காவுக்கு ஏதாவது போகிறதென்றால் எனக்குத் தெரிந்துவிடும், சின்ன வயதிலிருந்தே கண்ணை அதிலேயே வைத்திருந்தவள்தானே நான்.

அடுத்த தடவை மனு பார்க்க அம்மாவை விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். போனை எடுத்ததும் கேட்டேன்.

"கறி போடாத கஞ்சி யாருக்கு?"

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தான்.

"எத்தனை வருஷமா போறே?"

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான்.

"அன்னைக்கும் அங்கதான் இருந்தியா?"

"சொல்லிடாதம்மா. அம்மா சந்தூக்க நான்தான் தூக்கணும். ஏழு வருஷம் ஓடிப்போயிடும்."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அவன் குற்றமில்லாதவன் என்பதற்குச் சாட்சி இருக்கிறது, சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எனக்குத் தெரியாமல், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஆற்றைத் தாண்டிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் இப்படி ஒரு இரகசியம். என்னோடு அவனுக்கு என்ன இரகசியம் இருக்கிறது? கேஸ் கட்டு இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. அக்கா அழுது இளைத்துக் கிடப்பாள் என்று எதிர்பார்த்துப் போனேன். நல்ல சதைப்பிடிப்போடு இருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். எந்தத் தேதியில் நடந்த கேஸ் என்று சொன்னதும் அழுகை நின்றுவிட்டது.

"அந்தத் தேதியா? அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு நடந்துச்சுன்னு சொன்னானே. உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, நீ வந்து நின்னா அம்மா தாங்காதுன்னு போன்ல சொன்னானே..."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளையும் ஏமாற்றியிருக்கிறான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் மாமியார் உள்ளிருந்து வந்தார். மடிசார், ஒடிசலான உடம்பு, கணீரென்ற குரல். "அந்தத் தேதியா? அன்னிக்குப் பங்குனி உத்திரம்டிம்மா. சேர்த்தி. நேக்கு மறக்குமா?" என்றார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பெருமாளும் தாயாரும் சேர்ந்து உட்கார்ந்து சேவை சாதிப்பார்களாம். மாமி சேவித்துவிட்டுக் கால் வலியோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். "எப்பவும் வெள்ளிக்கிழமைதான் வருவன். அன்னிக்கு உத்திரம், அக்கா ஆத்துல பண்டிகைன்னு மெனக்கெட்டு வந்திருக்கான். வாசல்லயே குடுத்துட்டுப் போயிடற பிள்ளை. தெருவெல்லாம் ஜனம், வண்டிய எங்கயோ விட்டுட்டு நடந்து வந்ததுல லேட்டாயிடுத்து. செல்போன்ல பாங்கு சொல்லித்து. பட்டினி வயத்தோட வாசல்ல நிக்க வெக்கலாமோ? ரேழியில உக்காத்தி வெச்சு நான்தான் பானகம் குடுத்தேன். என் கையால."

பாங்கு சொல்லி நோன்பு திறக்கிற நேரத்தில் அவன் அந்த ரேழியில் பானகம் குடித்திருக்கிறான். அதே நேரத்தில்தான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் முதலாளி மண்டையில் அடி விழுந்தது. அதே நேரத்தில்தான் வீட்டில் நானும் அம்மாவும் அவன் பங்கை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

சேர்த்தி என்றால் என்ன என்று கேட்டேன். மாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெருமாள் சில நாள் முன்னால் உறையூருக்குப் போய் அங்கே இருக்கிற நாச்சியாரோடு சேர்ந்து இருந்துவிட்டு வருவாராம். அது தெரிந்து இங்கே தாயாருக்கு ஆத்திரம். அவர் வாசலுக்கு வந்ததும் கதவைச் சாத்துவார்களாம், வாழை மட்டையால் அடிப்பார்களாம். பெருமாள் என்னென்னவோ சமாதானம் சொல்வாராம்.

"அப்புறம் ஏன் கதவத் தொறந்தாங்க?" என்று கேட்டேன்.

"தொறக்காட்டா சேர்த்தி ஏதுடி?" என்று சிரித்தார் மாமி. நானாக இருந்தால் அன்று முழுக்கத் திறந்திருக்க மாட்டேன்.

வக்கீல் கேட்டுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதுரை ஹைகோர்ட்டில் அப்பீலோடு சேர்த்துப் புதுச் சாட்சிகளை விசாரிக்க மனு போடலாம், ஆனால் அண்ணன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். அண்ணன் முடியவே முடியாது என்றான். கேஸ் நடந்தால் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. ஆக எல்லாம் அம்மாவிடம் வந்து நின்றது. சொன்னால் மகன் வெளியே வரலாம், பிறகு அவன் முகத்திலேயே அவள் விழிக்காமலும் போகலாம். சொல்லாவிட்டால் அவன் உள்ளேயே கிடப்பான். அக்கா வந்து காலில் விழுகிறேன் என்றாள். "நீ ஒண்ணும் கிழிக்க வேணாம், இரு" என்று சொல்லிவிட்டு நானே சொல்லப் போனேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவனுக்குக் கொடுத்தனுப்பப் பனியனை மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளைச் சொன்னேன், தூக்கைச் சொன்னேன், பானகத்தைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். மடித்த பனியனைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"அப்ப அவன உள்ள வச்சது நான்தானா?" என்றாள்.

பனியனைக் கட்டிலில் போட்டாள்.

"என்னைத் தூக்கறதுக்காக அங்க கெடக்கானா? அவன் உள்ள கெடந்தா என்னை எவன் வந்து தூக்குவான்? அறிவு கெட்டவன். ஹஜரத்தக் கேளு, போட்ட ஆணைய எப்படி முறிக்கறதுன்னு."

ஆணையை முறித்தால் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போட வேண்டும் என்றார் பள்ளிவாசல் ஹஜரத். அம்மா நிற்க முடியாத காலோடு நின்று நெய்ச்சோறும் குருமாவும் அவளே ஆக்கினாள். என்னைத் தொடவிடவில்லை. பத்துப் பேரும் சாப்பிட்டுக் கை கழுவியதும் புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டாள். "ஆட்டோவக் கூப்பிடு, ஸ்ரீரங்கம் போவணும்" என்றாள். உத்தர வீதியில் ஆட்டோ நின்றதும் எனக்கு முன்னால் இறங்கி அந்த வாசப்படியை மிதித்தது அவள்தான். அக்காவும் அவளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மாமியோடு ரேழியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அண்ணனும் ஒத்துக்கொண்டான். ஹைகோர்ட் சொல்லி, திருச்சிக் கோர்ட்டில் மாமியை விசாரித்தார்கள். இத்தனை நாள் கழித்துத் தேதி எப்படி ஞாபகம் இருக்கிறது என்று அரசு வக்கீல் மடக்கினார். "வருஷத்துல ஒரு நாள் சேர்த்தி, சார். அன்னிக்கு நோன்பு இருக்கற பிள்ளைக்கு நான் பானகம் குடுத்திருக்கேன். இப்படி ரெண்டும் சேர்ந்து வர்றது என் ஆயுசுல எத்தனை தடவை? அதையும் மறந்தா நான் பெருமாளைச் சேவிச்சு என்ன பிரயோஜனம்?" என்றார் மாமி. அக்காவும் சொன்னாள். கஞ்சி பாயும் வந்து கறி போடாத கஞ்சியைப் பற்றிச் சொன்னார். மதுரையில் தீர்ப்பு வர ரொம்ப நாள் ஆனது. தண்டனையை ரத்து செய்துவிட்டார்கள். முதலாளியை அடித்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

அண்ணன் வெளியே வந்த அன்று ஜெயில் வாசலில் மூன்று பேரும் நின்றோம். அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டான், அக்கா தலையில் கை வைத்தான், என்னிடம் பையைக் கொடுத்தான். ஆட்டோவில் பின்சீட்டில் அவர்கள் மூவரும், டிரைவர் பக்கத்தில் நான். வீட்டில் அக்கா அடுப்படிக்குள் புகுந்து, எது எங்கே இருக்கிறது என்று நேற்றுதான் போனவள் மாதிரி எடுத்துப் புழங்கினாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனிடம் கேட்டே விட்டேன்.

"ஓடிப்போனது நானா இருந்தா? எனக்காகவும் இப்படி வாய மூடிக்கிட்டு உள்ள போயிருப்பியா?"

அவன் யோசிக்கக்கூட இல்லை.

"உனக்கா? உன் பேர முதல் நாளே சொல்லியிருப்பேனே. நீ நேரா கோர்ட்டுக்கு வந்து ஜட்ஜையே ஒரு வழி பண்ணி, அன்னைக்கு சாயங்காலமே என்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்ப."

அம்மா சிரித்தாள், அக்கா சிரித்தாள். பெருமையாகத்தான் சொன்னான், அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நானும் சிரித்துவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எனக்காக ஒரு நாளாவது ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.